ஆய்வில் என் அம்மாவுக்கு இடம் இல்லையா?

வாசகர் கேள்விக்குப் புற்றுநோய் மருத்துவரின் பதில்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கும் 37 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தாயாருக்கு வயது 63. தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புவரை படித்து, திருமணமாகிச் சிங்கப்பூர் வந்து, பின்னர் குடியுரிமை பெற்றவர். தமிழும், சந்தையில் பழகிய மலாயும் பேசுவார்; ஆங்கிலம் தெரியாது. கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு கருப்பைவாய்ப் பரிசோதனை எதுவும் செய்துகொண்டதில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பின் ஏற்பட்ட இரத்தப்போக்கைச் சில மாதங்கள் வெளியே சொல்லாமலே இருந்திருக்கிறார். பலதுறை மருந்தகம் அவரை மருத்துவமனைக்கு அனுப்பியது. திசுப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்தபோது, கருப்பைவாய்ப் புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் இருப்பதும், இடுப்புப் பகுதியின் நிணநீர்க் கணுக்களில் பரவியிருப்பதும், ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருப்பதும் தெரியவந்தன.

கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தார். அத்துடன் புதிய ஊசிமருந்து ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வு நடப்பதாகவும் குறிப்பிட்டார். சில நாள் கழித்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் மகளைத் தொலைபேசியில் அழைத்து, ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது, நோயாளியே நிரப்பவேண்டிய கேள்வித்தாளுக்குத் தமிழ் வடிவம் இல்லை, சிறுநீரகச் செயல்பாட்டு அளவும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவும் வரம்பை ஒட்டி இருக்கின்றன, ஆகவே சேர்ப்பது சிரமமாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டிலோ வேறு சிக்கல். "கட்டி" என்பதைத் தவிர எதையும் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை; இந்த நோய் வந்தது வெளியே தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்ற கூச்சமும் அவருக்கு. அம்மாவைச் சோதனை எலியாக்க விடமாட்டேன் என்கிறார் தம்பி. வாசகியோ, தமிழ் பேசும் பெண் என்பதால் ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவுகிறதே என்று கொதிக்கிறார். அவர் கேட்பவை இவை: ஆய்வில் சேர்ந்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றிவிடுவார்களா? மொழியைக் காரணம் காட்டி ஒதுக்க முடியுமா? அம்மாவுக்குப் பதிலாக நான் கையெழுத்திடலாமா? இப்படிப்பட்ட ஆய்வுகள் சீனப் பெண்களுக்காகவே நடத்தப்படுகின்றனவா? மறுத்துவிட்டால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஆய்வில் சேர்ப்பதே ஆபத்து என்பது உங்கள் தம்பியின் கட்சி. சேர்க்காததே அநீதி என்பது உங்கள் கட்சி. நேர் எதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. அந்தப் புதிய மருந்து நல்லதா கெட்டதா என்பது யாருக்கோ முன்கூட்டியே தெரியும் என்று நீங்கள் இருவருமே நம்புகிறீர்கள். தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் இதே நோயில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் மருந்தைக் கீமோ, கதிர்வீச்சுடன் சேர்த்தால் பலன் கூடுமா என்று இரண்டு பெரிய பன்னாட்டு ஆய்வுகள் பார்த்தன. துர்வாலுமாப் என்ற மருந்தை 770 பெண்களிடம் சோதித்த 'கல்லா' ஆய்வு, குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் இல்லை என்று 2022-இல் அறிவித்தது. ஏறத்தாழ அதே வகையைச் சேர்ந்த பெம்புரோலிசுமாப் என்ற மருந்தை 1,060 பெண்களிடம் சோதித்த 'கீநோட் ஏ18' ஆய்விலோ, மூன்றாண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 82.6 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 74.8 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர். தொடங்கும்போது இரண்டின்மீதும் நிபுணர்களுக்கு நம்பிக்கை இருக்கத்தான் செய்தது. ஆகவே ஆய்வில் இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டமும் ஆகாது, கிடைக்காவிட்டால் அது இழப்பும் ஆகாது. ஆனால் யாரிடம் கேட்கிறார்கள், யாரிடம் கேட்காமலே விடுகிறார்கள் என்பது நியாயம் சார்ந்த கேள்வி. அதில் உங்கள் கோபத்துக்கு அடிப்படை உண்டு.

முதலில் நாள்காட்டி

வேறு எதையும் பேசுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் தரப்படும் சிகிச்சை காலக்கெடு உள்ள சிகிச்சை. வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வெளியிலிருந்து கதிர்வீச்சு, அதன்பின் கருப்பைக்குள்ளேயே கருவியை வைத்துத் தரும் பிராக்கிதெரப்பி ஆகிய மூன்றும் தொடங்கிய நாளிலிருந்து எட்டு வாரங்களுக்குள் முடிவது நல்லது. நீண்டுகொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல; இரத்தப்போக்கும் சிறுநீரக வீக்கமும் காத்திருக்கமாட்டா. ஆகவே, "ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்பது எந்தத் தேதிக்குள் முடிவாக வேண்டும், அதற்காகச் சிகிச்சை ஒரு நாளேனும் தாமதமாகுமா?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தாமதமாகும் என்றால், என் அறிவுரை சிகிச்சையைத் தொடங்குவதே. குடும்பம் ஒருமனதாகும்வரை காத்திருக்க இது கல்யாணப் பேச்சு அல்ல.

இந்தச் சிகிச்சை முறையே ஆய்வுகள் தந்ததுதான் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். 1999-க்கு முன்பு இந்நோய்க்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு மட்டுமே தரப்பட்டது. சிஸ்பிளாட்டினைச் சேர்த்தால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகள் காட்டியதால், அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது. முன்பின் தெரியாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அன்று சம்மதித்ததன் பலனைத்தான் உங்கள் அம்மா இன்று பெறப்போகிறார். இதனால் அவரும் ஆய்வில் சேரவேண்டும் என்று ஆகிவிடாது; கடன்பட்டவர்போல் உணர வேண்டியதில்லை.

"சர்க்கரைத் தண்ணீர்" பற்றி

உயிருக்கு ஆபத்தான நோயில், பயன் தரும் சிகிச்சை கையில் இருக்கும்போது, அதைக் கொடுக்காமல் வெறும் திரவத்தை மட்டும் ஏற்றும் ஆய்வுக்கு இங்குள்ள நெறிமுறைக் குழுக்கள் அனுமதி தரா. நீங்கள் விவரித்திருக்கும் ஆய்வு சேர்த்துப் பார்க்கும் வகை. இரு குழுவினருக்கும் கீமோவும் கதிர்வீச்சும் முழுமையாக உண்டு. குலுக்கல் முறையில் ஒரு குழுவுக்கு அதனுடன் புதிய மருந்தும், மற்றக் குழுவுக்கு மருந்தில்லாத திரவமும் தரப்படும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தெரியாது.

இருப்பினும் உங்கள் ஐயத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. அதைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்குத் தரப்படுவது இன்று கிடைக்கக்கூடியதிலேயே சிறந்த சிகிச்சைதானா? மேலே சொன்ன பெம்புரோலிசுமாபை மூன்றாம் கட்ட நோயில் கீமோ, கதிர்வீச்சுடன் சேர்த்துத் தர அமெரிக்காவில் 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. வேறொரு வழியும் உண்டு. 'இன்டர்லேஸ்' என்ற ஆய்வு, விலை குறைந்த பழைய மருந்துகளான கார்போபிளாட்டினையும் பாக்லிடாக்செலையும் கதிர்வீச்சுக்கு முன்பு ஆறு வாரங்கள் கொடுத்துப் பார்த்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 500 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தோர் 80 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 72 விழுக்காடு. உங்கள் அம்மாவுக்கு இவ்விரண்டில் ஏதேனும் பொருந்துமா, ஆய்வில் சேர்ந்தால் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்குமா, ஆய்வுக்கு வெளியே அதைப் பெற என்ன செலவாகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகே ஆய்வை எடைபோட முடியும். இவற்றைக் கேட்பதால் எந்த மருத்துவரும் முகம் சுளிக்கக்கூடாது.

புதிய மருந்தின் பக்கவிளைவுகளையும் மறந்துவிடாதீர்கள். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளில் தைராய்டு, நுரையீரல், குடல், கல்லீரல் ஆகியவற்றில் அழற்சி ஏற்படலாம். சிலருக்கு அது சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். நள்ளிரவில் வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் அம்மா யாரைத் தமிழில் அழைப்பார் என்பது, அழகாக அச்சிட்ட படிவத்தில் இல்லாத, ஆனால் பதில் இருந்தே ஆகவேண்டிய கேள்வி.

மொழி ஒரு தகுதிக் குறைவா?

இல்லை. சிங்கப்பூரில் மருந்து ஆய்வுகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கண்காணிப்பில், 2016-இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளுக்கு உட்பட்டு நடக்கின்றன. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பதே விதி. ஆங்கிலம் தெரிந்தவர் மட்டும் சேரலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நோயாளிக்குப் படிக்க முடியாதபோது, ஆய்வுக் குழுவைச் சாராத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க, வாய்மொழியாக விளக்கி ஒப்புதல் பெறவும் வழி இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் இது நிகழ்கிறது? பெரும்பாலும் யாருடைய காழ்ப்பும் இதற்குக் காரணம் அல்ல. ஒரு படிவத்தை மொழிபெயர்த்து, சரிபார்த்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறப் பணமும் வாரக்கணக்கில் நேரமும் செலவாகின்றன. ஆய்வுக்கு வரக்கூடிய தமிழ்ப் பெண்கள் ஓரிருவர்தான் என்று கணக்கிட்டு, அந்தச் செலவைத் திட்டத்திலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். படிவம் இல்லாததால் பெண்கள் வருவதில்லை. பெண்கள் வராததால் படிவம் தயாரிக்கப்படுவதில்லை. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு நாட்டில் இதை இயல்பானது என்று ஏற்றுக்கொள்ள நான் தயாரில்லை. என் துறையைச் சேர்ந்தவர்கள் ஆய்வைத் திட்டமிடும் மேசையிலேயே தீர்த்திருக்க வேண்டிய வேலை, கடைசியில் உங்கள் தொலைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இத்தகைய பன்னாட்டு ஆய்வுகள் பல தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. இந்த ஆய்வுக்கும் அங்கே ஒரு மையம் இருந்தால், தமிழ்ப் படிவமும் தமிழ்க் கேள்வித்தாளும் ஏற்கெனவே தயாராக இருக்கக்கூடும். ஆய்வை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, இங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கேள்வித்தாள் என்று அவர்கள் சொல்வது வாழ்க்கைத்தரத்தை அளக்கும் 'கியூஎல்கியூ சி30' ஆக இருந்தால், அதற்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரிடம் சண்டை போடாமல், இந்த இரண்டையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வந்த "சிரமம்" என்ற சொல் எழுத்தில் வரும்போது ஒன்று உறுதியான காரணமாக மாறும், அல்லது மறைந்துபோகும்.

தமிழ்ப் படிவம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணாதீர்கள். இருபது பக்கத்துக்கு மேல் ஓடும் படிவத்தை, படித்தவர்களே பொறுமையாகப் படிப்பதில்லை. விளக்கி முடித்த பிறகு, "அம்மா, நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்கும் மருத்துவர் அல்லது தாதி கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நீங்கள் உடனிருங்கள், ஆனால் நீங்களே ஒரே மொழிபெயர்ப்பாளராக இருக்காதீர்கள். பெற்ற மகள் கெட்ட செய்தியை மென்மையாக்கித்தான் சொல்வாள். அது அன்பின் இயல்பு, ஆனால் ஒப்புதலுக்கு அது உதவாது.

யாருடைய கையெழுத்து?

அம்மாவுடையது மட்டுமே. சுயமாக முடிவெடுக்கும் ஆற்றல் உள்ள 63 வயதுப் பெண்ணுக்காகக் கணவரோ மகளோ மகனோ கையெழுத்திட முடியாது. மனத்திறன் இழந்தவர்களுக்கான ஏற்பாடு வேறு. ஆங்கிலம் தெரியாதது மனத்திறன் இழப்பு ஆகாது. பிறர் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. அன்று ஆந்திராவிலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டத்தில் 2009-இல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடும் முன்னோட்டத் திட்டம் நடந்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தனர். சில சிறுமிகளின் இறப்பைத் தொடர்ந்து 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று விசாரணையில் தெரிந்தபோதும், ஒப்புதல் பெற்ற விதம் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. தடுப்பூசி மீது விழுந்த சந்தேகம் எளிதில் அகலவில்லை.

ஆகவே, அப்பாவின் கட்டளைப்படி நோயை மறைத்து வைத்துக்கொண்டே ஆய்வில் சேர்ப்பது என்பது நடக்காத காரியம். ஆய்வை விட்டுவிடுங்கள், பிராக்கிதெரப்பிக்கே அவர் தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமிருந்து தெரிந்துகொள்வதைவிட, வீட்டில் உங்கள் வாயால் தெரிந்துகொள்வது மேல் அல்லவா? எனக்கு ஒன்று தோன்றுகிறது: இரத்தப்போக்கை மாதக்கணக்கில் மறைத்தவருக்கு, இது சாதாரணக் கட்டி இல்லை என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அவர் உங்களைக் காப்பாற்ற மௌனமாக இருக்கிறார். நீங்கள் அவரைக் காப்பாற்ற மௌனமாக இருக்கிறீர்கள். "உங்கள் உடம்பைப் பற்றி மருத்துவர் விவரமாகச் சொல்லட்டுமா, அல்லது அப்பாவிடம் சொன்னால் போதுமா?" என்று அவரிடமே கேட்டுத் தொடங்குங்கள். விவரம் வேண்டாம் என்று அவரே சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான்; அப்போது வழக்கமான சிகிச்சையை எப்படி விளக்குவது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார், ஆய்வைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்பாவின் கூச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே எச்பிவி என்ற கிருமியால் வருகிறது. மணவாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது அந்தக் கிருமி தொற்றியிருக்கும். பெரும்பாலும் உடலே அதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாத சிலருக்கு அது பத்து, இருபது ஆண்டுகள் தங்கிப் புற்றுநோயாக மாறுகிறது. இதில் ஒழுக்கத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஒரே ஒருவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். இதை அப்பாவிடம் நீங்கள் சொல்வதைவிட, மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள்.

தம்பியின் அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். அதற்கு வரலாறு இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் ஒரு மகளிர் மருத்துவமனையில், கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இருந்த பெண்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல், உரிய சிகிச்சை தராமல் பல ஆண்டுகள் வெறுமனே கவனித்துவந்தார்கள். சிலருக்குப் புற்றுநோய் முற்றியது, சிலர் இறந்தார்கள். 1987-இல் இரண்டு பெண்கள் ஒரு பத்திரிகையில் இதை அம்பலப்படுத்திய பிறகே அரசு விசாரணை நடந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கைக்குப் பின் அந்நாட்டில் நோயாளி உரிமைகளும் நெறிமுறைக் குழுக்களும் வலுப்பெற்றன. இன்று உங்கள் அம்மா முன் வைக்கப்படும் நீண்ட படிவம், இப்படிப்பட்ட கொடுமைகளிலிருந்து பிறந்த காவல்.

சிறுநீரகமும் இரத்தமும்

தகுதி விதிகள் எல்லாமே அநீதி அல்ல. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அந்த வரம்பு உங்கள் அம்மாவைக் காப்பாற்றவே இருக்கிறது. ஆனால் இந்த நோயின் போக்கைச் சற்று எண்ணிப்பாருங்கள். கட்டி வளர்ந்து சிறுநீர்க்குழாயை அழுத்துவதால் சிறுநீரகம் வீங்குகிறது. இரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் குறைகிறது. அதாவது, தாமதமாக வந்தவர்களிடம் இயல்பாகக் காணப்படும் குறைகளே அவர்களை வெளியே நிறுத்தும் காரணங்களாகிவிடுகின்றன. தாமதமாக வருபவர்கள் யார்? பரிசோதனைக்கு வராதவர்கள், மொழி தெரியாதவர்கள், கூச்சப்படுபவர்கள். இப்படிச் சலித்த பிறகு எஞ்சும் ஓரளவு திடமான பெண்களிடம் மருந்தைச் சோதித்துவிட்டு, கிடைத்த முடிவை எல்லாருக்கும் பொருத்துகிறோம். எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து ஆறு மடங்கு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் பல ஆண்டுகள் அவர்களைப் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, இரண்டு குறைகளுமே சரிசெய்யக் கூடியவையாக இருக்கலாம். சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைத்தோ, முதுகுப்புறமாகக் குழாய் பொருத்தியோ அடைப்பை நீக்கினால் சிறுநீரகச் செயல்பாடு பல நேரங்களில் மீள்கிறது. இரத்தம் ஏற்றலாம். ஆய்வு நடந்தாலும் நடக்காவிட்டாலும் கீமோவுக்காக இவற்றைச் செய்ய வேண்டியிருக்கும். அதன்பின் மறுபடி இரத்தப் பரிசோதனை செய்து தகுதியைப் பார்க்க ஆய்வின் விதிகள் இடம் தருகின்றனவா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் இதற்கு இடமுண்டு. சரிசெய்த பிறகும் எண்கள் வரம்புக்கு வெளியே இருந்தால், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். விதியை வளைத்துச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவது அம்மாவுக்குத்தான் கேடு.

சீனப் பெண்களுக்கு மட்டுமா?

அப்படி எந்த விதியும் இங்கே இருக்க வாய்ப்பில்லை. எண்ணிக்கைதான் காரணம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. ஒரு மருத்துவமனையில் ஆய்வுக்குச் சேரும் சிலரில் தமிழ்ப் பெண் ஒருவர்கூட இல்லாமல் போவது எளிது. பன்னாட்டு ஆய்வறிக்கைகளிலோ சீனர், ஜப்பானியர், தமிழர் எல்லாரையும் "ஆசியர்" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். இன வேறுபாடு எல்லா மருந்துக்கும் முக்கியமானதல்ல. ஆனால் முக்கியமாகும் இடத்தில் அது உயிர்ப் பிரச்சினை: கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்து, ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையைத் தரலாம் என்பதால், 2013 முதல் சிங்கப்பூரில் ஆசிய வழியினருக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்வது வழக்கமாக இருக்கிறது. அந்த மரபணு சில ஆசிய இனத்தவரிடமே மிகுதி. மேற்கத்திய மக்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

தமிழ்ப் பெண்கள் ஆய்வுகளில் இல்லை என்ற எண்ணத்தையும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. கருப்பைவாயில் அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையால் இந்நோயின் இறப்பை 35 விழுக்காடும், நோய் வருவதை 25 விழுக்காடும் குறைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்கு அந்தப் பரிசோதனையை வழங்காமல் விட்டது முறையா என்ற விவாதமும் பின்னர் எழுந்தது. அது நியாயமான விவாதம். 2022-இல் இந்நோயால் இறந்த ஏறத்தாழ 350,000 பெண்களில் 94 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெண்களிடம் சோதிக்கப்படும் மருந்து பின்னர் அவர்களுக்கே எட்டாத விலையில் விற்கப்பட்டால், எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற கணக்குக்கு என்ன மதிப்பு?

இங்கேயும் கணக்கில் வராதவர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வேலை அனுமதி முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியவர், ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பைக் கேட்கும் ஆய்வில் எப்படிச் சேர்வார்?

செலவு, அலைச்சல், மறுக்கும் உரிமை

புதிய மருந்தும் ஆய்வுக்கென்றே எடுக்கப்படும் கூடுதல் பரிசோதனைகளும் பெரும்பாலும் ஆய்வை நடத்துவோர் செலவு. வழக்கமான கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் எப்போதும்போல் மானியம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் சேமிப்பு வழியாக நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். எது யார் தலையில் என்பதை வரிவரியாக எழுதி வாங்குங்கள். ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் எப்படிக் கிடைக்கும் என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருந்தாக வேண்டும். அந்தப் பக்கத்தைத் தவறாமல் படியுங்கள். கூடுதல் வருகைகளுக்குப் போக்குவரத்துப் பணம் தருவார்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் உங்கள் அம்மாதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதை, மருத்துவச் சமூக சேவையாளரின் உதவியோடு இப்போதே திட்டமிடுங்கள். ஆய்வுகளிலிருந்து பெண்கள் பாதியில் விலகுவதற்கு மருந்தைவிட இதுவே காரணமாவதைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் இரத்தத்தையும் திசுவையும் எதிர்கால ஆராய்ச்சிக்குச் சேமித்து வைப்பது பற்றித் தனிப் பகுதி இருக்கலாம். 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. இன்று கேட்காமல் எடுக்க முடியாது. அந்தப் பகுதி விருப்பத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். ஆம் என்றால், அதை மறுத்துவிட்டு ஆய்வில் மட்டும் சேரலாம்.

மறுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதே மருத்துவர், அதே கதிர்வீச்சு இயந்திரம், அதே வரிசை. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகலாம். அதுவரை சேகரித்த தகவல் ஆய்வில் இருக்கும், அவ்வளவுதான். விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு உங்கள் அம்மா "வேண்டாம்" என்றால், தம்பி வென்றதாகவும் நீங்கள் தோற்றதாகவும் கொள்ளாதீர்கள். "சேர்கிறேன்" என்றால், முதல் நாள் தம்பியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் ஆய்வுக் குழுவுக்கும் நல்லது.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதம் முழுவதும் தேடியும், நீங்கள் பரிசோதனை செய்துகொண்டதாக ஒரு வரிகூட இல்லை. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை எச்பிவி பரிசோதனை இங்கே பரிந்துரைக்கப்படுகிறது. 25 முதல் 29 வயதுவரை மூன்றாண்டுக்கு ஒரு முறை, கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனை. அரசின் ஹெல்தியர் எஸ்ஜி நலத்திட்டத்தில் பதிந்த சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அம்மாவின் சிகிச்சைத் தேதி உறுதியானதும், உங்களுக்கும் பலதுறை மருந்தகத்தில் ஒரு முன்பதிவு செய்துவிடுங்கள்.